மரக்காணத்து உப்பும் மூன்று ரோல் பிலிமும்

பிலிம் கேமரா வகுப்பில் முதல் ரோலைக் கழுவி முடித்து டேங்கைத் திறந்தேன். ஒன்றரை மீட்டர் ஈர பிலிம் கையோடு வந்தது. அதில் ஒரு படம்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ‘இது எங்க வீட்டுப் பூனை’, ‘இது மொட்டை மாடி’ என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் காலை வெயிலில் முட்டி போட்டு நான் எடுத்த 36 படங்களும் வெறும் பிளாஸ்டிக்காகத் தொங்கின.

மாஸ்டர் வந்தார். படம் இருக்கவேண்டிய இடத்தை அவர் பார்க்கவே இல்லை, நேராக ஓரத்துக்குப் போனார். பல் துளைகளுக்குப் பக்கத்தில் பிலிமின் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்ற எண்களும் கறுப்பாகத் தெரிந்தன.

“டெவலப்பர் நல்லா வேலை செஞ்சிருக்கு சார். ஹைப்போவும் சரி. உங்க கேமராவுக்குள்ளதான் பிலிம் நகரவே இல்ல.”

டெவலப்பர் பிலிமில் படத்தை எழுப்புகிற திரவம், ஹைப்போ அதை நிலைநிறுத்துகிற திரவம். அந்த எழுத்துகளைத் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்துவிடுகிறார்கள். பிலிமோடு சேர்ந்து அவையும் கழுவப்பட்டு வெளியே வரும். எழுத்தும் இல்லாமல் பிலிம் மொத்தமும் வெளுத்திருந்தால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஹைப்போவை முதலில் ஊற்றிவிட்டோம் என்று பொருள். எழுத்து இருந்து படம் இல்லையென்றால் கேமராவில்தான் கோளாறு. என் விஷயத்தில் பிலிமின் நாக்கு வலது பக்கச் சுருளியில் சரியாக மாட்டாமல் நழுவியிருக்கிறது. லீவரைத் தள்ளும்போது இடது பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்திருந்தால் முதல் படத்திலேயே தெரிந்திருக்கும். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பதிவில் அதிகமும் இப்படிப்பட்ட விஷயங்கள்தான். எட்டு சனிக்கிழமை வகுப்பு, மூன்று ரோல் பிலிம், கடைசியில் உருப்படியாக ஒரே ஒரு பிரிண்ட்.

எனக்கு 48 வயது. பகலில் கணக்கு எழுதும் வேலை. சின்ன வயதில் மாமாவிடம் ஒரு அக்ஃபா கிளிக் III இருந்தது. 120 ரோல் போட்டால் 12 படம். அதைக் கழுவக் கொடுக்க அவரோடு ஸ்டூடியோவுக்குப் போவேன். உள்ளே கறுப்புத் திரை போட்ட ஒரு கதவு இருக்கும். ‘வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு’ என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. பழசு எல்லாம் பொற்காலம் என்ற எண்ணமெல்லாம் இல்லை.

சென்னையில் ஒரு வீட்டின் பின்கட்டில் வகுப்பு. ஏழு பேர். என்னைத் தவிர எல்லோரும் இருபதுகளில். மாஸ்டர் முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவர். இளசுகளைத் தம்பி, பாப்பா என்பார். என்னை மட்டும் சார் என்று கூப்பிட்டு வயதை ஞாபகப்படுத்துவார். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ போட்டோத் தாள் உறை ஒன்றைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். உறை மட்டும்தான். உள்ளே ஒன்றும் இல்லை, தொழிற்சாலையும் இப்போது இல்லை.

எல்லோரும் பயமுறுத்துகிற ரசாயனம் எனக்குக் கஷ்டமாக இல்லை. பிலிமை இருட்டில் ரீலில் ஏற்றுவதுதான் உயிரை எடுத்தது. இரண்டு கையையும் ஒரு கறுப்புப் பைக்குள் விட்டு, டப்பாவைத் திறந்து, முனையைக் கத்தரித்து, பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்தில் நுழைத்து, இரண்டு பக்கத்தையும் முன்னும் பின்னும் திருகினால் பிலிம் தானாக உள்ளே ஏறும். யூடியூபில் அப்படித்தான் ஏறுகிறது. சென்னையில் பைக்குள் கை போன மூன்றாவது நிமிடத்தில் வியர்க்கும். வியர்வை ஆவியில் பிலிமின் பூச்சு ஊறிப் பிசுபிசுக்கும், ரீல் கவ்விக்கொள்ளும். பாதியில் நின்றுவிட்டால் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. பயத்தில் இன்னும் வியர்க்கும்.

மாஸ்டர் சொன்ன வழி: சிக்கிவிட்டால் இழுக்காதே. பிலிமும் ரீலுமாக அப்படியே டேங்குக்குள் போட்டு மூடி, கையை வெளியே எடு. துடைத்துக்கொள், ஃபேனுக்கு அடியில் ஒரு டீ குடி, அப்புறம் வா. மூடிய டேங்குக்குள் வெளிச்சம் போகாது, யாரும் துரத்தவில்லை. இன்னொன்று, பிலிம் முனையின் இரண்டு மூலையையும் கத்தரியால் லேசாக வளைத்து வெட்டிவிட்டால் ரீலில் முட்டாது. நான் பாழான முதல் ரோலை வைத்துக்கொண்டு வீட்டில் டிவி பார்த்தபடி பழகினேன். முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி, கடைசியில் பைக்குள். இருபது தடவைக்கு மேல் இருக்கும். காலி ரோலுக்கும் ஒரு பயன் கிடைத்தது.

டெவலப்பர் டி-76. கோடாக் 1927இல் கொண்டுவந்த கலவை, இன்றும் ஓடுகிறது. மாஸ்டர் பாக்கெட் வாங்குவதில்லை, தராசில் நிறுத்துச் சேர்க்கிறார். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். போராக்ஸ் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தேன், நம் நாட்டு மருந்துக் கடை வெங்காரம்தான் அது. மெட்டாலை முதலில் கரைக்கவேண்டும். சல்பைட் முழுவதையும் முன்பே கொட்டிவிட்டால் மெட்டால் கரைய அடம் பிடிக்கும்.

கலவை எளிது, சூடுதான் சிக்கல். நாங்கள் போட்டது இல்ஃபோர்டு கம்பெனியின் எச்பி5 பிளஸ் பிலிம், ஒளியை உணரும் வேகம் 400. டி-76ஐச் சம அளவு தண்ணீரில் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். தாம்பரத்தில் எங்கள் வீட்டு மேல்தொட்டித் தண்ணீர் ஏப்ரலில் 33 டிகிரி. சூடு ஏறினால் நேரம் குறையும். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23இல் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்டு தருகிற கணக்கு. அதே கணக்கில் 33 வரை ஏறினால் பிலிம் கழுவுகிற நேரம் டீ ஆற்றுகிற நேரமாகிவிடும், டெவலப்பர் எல்லா இடத்திலும் சமமாக வேலை செய்யாமல் திட்டுத் திட்டாக வரும். ஆகவே குளிர வைத்தே தீரவேண்டும். ஐஸை டெவலப்பருக்குள் போடக்கூடாது, உருகி நீர்த்துவிடும். பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் தண்ணீர் விட்டு, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்துகிற ஸ்டாப், ஹைப்போ மூன்று பாட்டிலையும் அதற்குள் நிறுத்தினேன். கடைசியில் அலசுகிற தண்ணீரையும் குளிர வைக்கவேண்டும். டெவலப்பர் 20இல் முடிந்து சட்டென்று 33 டிகிரி குழாய்த் தண்ணீர் பட்டால் பூச்சு சுருங்கி, வற்றிய ஏரி வண்டல் வெடித்த மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி, மாஸ்டர் தன் பழைய நெகட்டிவ் ஒன்றைக் காட்டினார். யாரோ ஒருவருடைய கல்யாணம். மாப்பிள்ளை முகம் முழுக்க விரிசல்.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் நிற்கத் தேவையில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டவேண்டும். மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. முடிந்தது. தண்ணீர் லாரிக்குப் போன் செய்து காத்திருக்கும் ஊருக்கு இது நல்ல முறை. கடைசி முங்கல் மட்டும் கேன் தண்ணீரில். எங்கள் போர் தண்ணீரில் காயவைத்த பிலிமில் சுண்ணாம்புப் பொட்டு விழுந்து, அதை எதைக்கொண்டும் எடுக்க முடியவில்லை.

இரண்டாவது ரோலை மரக்காணம் உப்பளத்தில் எடுத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலை ஒன்பது மணி, வெயில் ஏறிவிட்டது. ஒரு அம்மா தலையில் துணியை முக்காடாக இழுத்துக் கட்டிக்கொண்டு, நீளக் கம்பில் மாட்டிய பலகையால் பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சூரியன், சுற்றிலும் வெள்ளைக் குவியல். “படம் எடுத்துக்கட்டுங்களாம்மா?” என்றேன். “எடுத்துக்க சார், வேலைய நிறுத்தச் சொல்லாத” என்றார். என் கேமரா பென்டாக்ஸ் கே1000, பழையது, இணையத்தில் வாங்கியது. உள்ளே ஒரு முள் ஆடும். முள் நடுவில் நின்றால் சரியான ஒளி. லென்ஸ் துளை எஃப்22 (எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்), ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தபோதுதான் முள் நடுவுக்கு வந்தது. சந்தோஷமாக அழுத்தினேன்.

கழுவிப் பார்த்தால் இந்தத் தடவை படம் இருந்தது. இரண்டு குற்றங்களும் இருந்தன.

ஒன்று, பல படங்களில் ஒரு பக்கமாகக் கறுப்புக் கீற்று. லென்ஸில் ஏதோ என்று நினைத்தேன். மாஸ்டர் மறுபடி ஓரத்தைத்தான் பார்த்தார். கீற்று பல் துளைகளுக்கு நடுவிலும் ஓடியிருந்தது. லென்ஸ் வழியாக வரும் ஒளி படச் சட்டத்துக்குள் மட்டும்தான் விழும், துளைப் பக்கம் போகாது. அப்படியென்றால் ஒளி பின்கதவு வழியாகக் கசிந்திருக்கிறது. கதவைத் திறந்து விரலால் தொட்டால் தார் போல ஒட்டியது. அந்தக் காலத்துக் கேமராக்களில் கதவு ஓரத்தில் ஒளி புகாமலிருக்க வைத்த ஸ்பாஞ்ச் வயதாகி இளகிவிடுகிறது.

கடையில் கேட்ட கூலிக்கு இரண்டு ரோல் பிலிம் வாங்கலாம். நானே செய்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பல் குச்சி, காது குடையும் பஞ்சு. பழைய ஸ்பாஞ்சைச் சுரண்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. ஷட்டர் திரை துணியில் செய்தது, அதில் ஒரு பிசுக்கு விழுந்தாலும் கதை முடிந்தது, அதனால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் சுரண்டினேன். மேலும் கீழும் உள்ள குறுகிய பள்ளத்தில் தையல் கடையில் வாங்கிய கறுப்பு உல்லன் நூலை வைத்து, அங்கங்கே ஒரு பொட்டு ரப்பர் பசை. கீல் பக்கம் மட்டும் மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை. மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள். முதல் தடவை நூல் தடிமனாகப் போய்க் கதவு மூடவில்லை. இரு பிரி நூலில் ஒன்றை உருவி மறுபடி வைத்தேன். அதற்குப் பிறகு கசிவு இல்லை.

இரண்டாவது குற்றம் பெரிது. நெகட்டிவ் மெலிசு. உப்பு நெகட்டிவில் நல்ல கறுப்பாக இருக்கவேண்டும், வெறும் சாம்பலாக இருந்தது. கேமரா மீட்டருக்கு உப்பு எது, கரி எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நம்பி அளவு சொல்லும். வெள்ளையைக் காட்டினேன், ‘வெளிச்சம் ரொம்ப அதிகம், குறை’ என்றது, நானும் குறைத்தேன். நேர்வெயிலில் 400 பிலிமுக்கு எஃப்16, ஐந்நூறில் ஒரு நொடி என்பது மீட்டரே இல்லாதவர்களின் பழைய கணக்கு. நான் கொடுத்தது அதைவிட இரண்டு ஸ்டாப் குறைவு. ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி, இரண்டு குறைத்தால் கால் பங்கு.

சரி, பிரிண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று டார்க் ரூமுக்குள் போனேன். ஒரு வழியாக அந்தத் திரைக்கு உள்ளே. தட்டில் வெள்ளைத் தாளில் படம் எழும்பி வருகிற அதிசயத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் தட்டில் முதலில் எழும்பியது என் கட்டை விரலின் வெள்ளை நிழல், மற்றதெல்லாம் சாம்பல். தாளை டெவலப்பரில் முக்கப் போன நேரத்தில் கையில் இருந்த ஸ்மார்ட் வாட்ச் பளிச்சென்று எரிந்திருக்கிறது. தோசை மாவு வாங்கி வரச் சொல்லி வீட்டிலிருந்து அழைப்பு. சிவப்பு விளக்குக்கு அந்தத் தாள் குருடு, நீலத்துக்கும் பச்சைக்கும் அல்ல. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கதவில் ஒரு ஆணி அடித்தார். மறுவாரத்திலிருந்து எல்லோருடைய வாட்சும் அதில்தான் தொங்கின.

தாளுக்கு எத்தனை நொடி ஒளி வேண்டும் என்று பார்க்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் ஒரு நல்ல பாடம். தாள் துண்டின் மேல் அட்டையை வைத்து, மூன்று மூன்று நொடியாக நகர்த்தினேன். 3, 6, 9, 12, 15. முதல் இரண்டு பட்டைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கடைசி இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 3இலிருந்து 6 என்றால் இரட்டிப்பு, 12இலிருந்து 15 என்றால் கால் பங்குதான் கூடுதல். “நொடியக் கூட்டாதீங்க சார், பெருக்குங்க” என்றார். 4, 5.6, 8, 11, 16. லென்ஸ் வளையத்தில் இருக்கிற அதே எண்கள், ஆகவே மறக்கவும் மறக்காது. கணக்கு எழுதுகிறவனுக்கு இதை இன்னொருவர் சொல்லவேண்டியிருந்தது.

அவர் ஸ்டூடியோ நாட்களில் மெலிசு நெகட்டிவுக்கு ஒரு பாக்கெட் தாள், தடி நெகட்டிவுக்கு வேறொரு பாக்கெட் என்று அடுக்கி வைத்திருப்பாராம். இப்போது மல்டிகிரேடு தாள் ஒன்று போதும், நெகட்டிவைத் தாளில் பெரிதாக விழவைக்கிற என்லார்ஜரில் பில்டரை மாற்றினால் கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்பு வெள்ளை வித்தியாசம், மாறும். மஞ்சள் மென்மை, மெஜந்தா கடுமை. கிரேடு எண் ஏறினால் கடுமை ஏறும். 2ஆம் கிரேடில் என் உப்பளம் மழைநாள் சேற்று வயலாக வந்தது. 3 போட்டேன், பிறகு 4. நான்கில் எஃப்8, 9 நொடி. உப்பு வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது, முக்காடும் கம்பும் அட்டைக் கறுப்பு. ஒரு நிமிடம் டெவலப்பர், 10 நொடி ஸ்டாப், 30 நொடி ஹைப்போ. ஈரத்தோடு சுவரில் ஒட்டியபோது ஆறு பேரும் வந்து நின்று பார்த்தார்கள். ஒரு பாப்பா ‘செம்ம அங்கிள்’ என்றது. மாஸ்டர் மட்டும் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். அந்த ‘நல்லாருக்கு’வை அப்போது நான் சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பிரிண்டை எடுத்துக்கொண்டு மரக்காணம் போனேன். அந்த அம்மா பாத்தி வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு நல்லா வந்திருக்குது. என் மூஞ்சி எங்க சார்?”

முக்காட்டுக்குள் வெறும் கறுப்பு. மூன்று வாரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், அதில் ஒரு ஆளுக்கு முகம் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. “அடுத்த தடவை கொண்டு வரேம்மா” என்றேன். “இது எங்க வீட்ல யாரு நம்புவாங்க, நான்தான்னு” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டார்க் ரூமில் முகத்தை மறைத்து ஒளியைக் குறைத்துப் பார்த்தேன். கம்பி முனையில் வட்ட அட்டை ஒட்டி, மொத்த 9 நொடியில் 3 நொடி, 5 நொடி, கடைசியில் 7 நொடி. கறுப்பு சாம்பலாகியது, ஆனால் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. நெகட்டிவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முகம் இருக்கவேண்டிய இடம் என் முதல் ரோல் மாதிரியே காலி. பிலிமில் விழாததைத் தாளில் வரவழைக்க வழியில்லை. நிழலுக்கு எக்ஸ்போஸ் பண்ணு, வெளிச்சத்துக்கு டெவலப் பண்ணு என்று மாஸ்டர் இரண்டாவது வாரமே பலகையில் எழுதிப் போட்டதை நான் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது ரோல். அதே இடம், அதே நேரம். இந்தத் தடவை முதலில் அந்த அம்மாவுக்குக் கிட்டே போய், முக்காட்டு நிழலில் முகம் மட்டும் நிறையும்படி வைத்து முள்ளைப் பார்த்தேன். எஃப்8, இருநூற்றைம்பதில் ஒரு நொடி. அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைக்கச் சொல்லியிருந்தார் மாஸ்டர். “வெள்ளை உப்பச் சாம்பலாக்குன அதே முள்ளு கறுத்த முகத்தையும் சாம்பலாக்கும் சார். நம்ம ஊர் மூஞ்சிய வெளுக்க வைக்காதீங்க.” ஆகவே எஃப்11, இருநூற்றைம்பதில் ஒன்று. பின்னால் நடந்து வந்து, எதையும் மாற்றாமல் எடுத்தேன். முள் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது. முந்தின தடவையைவிட 16 மடங்கு ஒளி. கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது, ஒரு க்ளிக்குக்கு ஏறக்குறைய 28 ரூபாய் ஆகிற பிலிம்.

உப்பு அடர்ந்துபோகாமல் இருக்க 11 நிமிடத்துக்குப் பதில் 9 நிமிடம் கழுவினேன். நெகட்டிவை நாளிதழ் மேல் வைத்துப் பார்த்தால் உப்புப் பகுதி வழியாக அச்செழுத்து மங்கலாகத் தெரிந்தது. அது போதும் என்றார். முக்காட்டுக்குள் பார்த்தேன். இரண்டு கண், மூக்குத்தி, நெற்றிச் சுருக்கம், எல்லாம் தலைகீழ் வண்ணத்தில்.

பிரிண்ட் போட ஒரு முழு சனிக்கிழமை ஆனது. 2ஆம் கிரேடில் முகம் சரியாக வருகிற நேரத்தில் உப்பு வெறும் தாளாக நிற்கும். முகத்தைக் காப்பாற்றிவிட்டு உப்புக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுக்கவேண்டும். அட்டையில் ஓட்டை போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும், நிறுத்தினால் ஓட்டையின் விளிம்பு படத்தில் விழும். ஐந்து தாள் பாழ். ஒன்றில் அம்மாவின் தலையைச் சுற்றிச் சாமி படம் போல ஒளிவட்டம். இன்னொன்றில் கம்பு பாதியில் மறைந்துவிட்டது. ஆறாவதில் குவியலின் சரிவில் பலகை இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. நான்காம் கிரேடில் நான் பெருமைப்பட்ட பளிச் வெள்ளையில் அந்தக் கோடுகளே இல்லை. மாஸ்டர் பார்த்துவிட்டு, “ஓரத்துல கொஞ்சம் இறக்கியிருக்கலாம்” என்றார். டீ போடப் போகவில்லை.

பின்பக்கம் பென்சிலில் எழுதி வைத்தேன்: கிரேடு 2, எஃப்8, 14 நொடி, முகத்துக்கு 3 குறைவு, உப்புக்கு 20 கூடுதல், இடது மூலைக்கு 6.

மரக்காணத்தில் அந்த அம்மா இந்தத் தடவை படத்தைத் தூரத்தில் வைக்கவில்லை. மூக்குத்தியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வரப்பில் உட்கார்ந்திருந்த மகனைக் கூப்பிட்டார். அவன் படத்தை உப்புக் குவியல் மேல் சாய்த்து வைத்து, போனை எடுத்து, ஒரே ஒரு தடவை தட்டினான். நான் வண்டியை எடுப்பதற்குள் அது அவனுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது.